ஒரே சர்க்கரை, இரண்டு குப்பி

ஃபிஜித் தீவில் அரைப்புக் காலம் வந்துவிட்டால் லம்பாசா சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். விடிகாலையில் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மத்தியானம் எடை மேடை ஏறலாம். உள்ளே ஏதாவது உருளை மக்கர் பண்ணினால் சாயங்காலம் ஆகும். மற்ற டிரைவர்கள் இறங்கிப் போய் மாமர நிழலில் உட்கார்ந்து நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், கதை பேசுவார்கள், வேலிப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவார்கள். அந்த நேரம் பார்த்து முன் வண்டி நகரும், பின்னால் நிற்கிறவன் இடத்தில் நுழைந்துவிடுவான். அப்பாசாமியின் இடத்தில் மட்டும் ஒருத்தனும் நுழைந்தது கிடையாது. காரணம், அவர் இறங்கவே மாட்டார். காலையில் ஏறி உட்கார்ந்தால் கரும்பைக் கொட்டிவிட்டுத்தான் கால் தரையில் படும்.

"பத்து மணி நேரம் அடக்குவேன்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது வெறும் வாய்ச் சவடால் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அடுத்தவன் வயலில் கரும்பு வெட்டினார், அடுத்தவன் லாரியில் சுமை ஏற்றினார், பிறகு அதே லாரியை ஓட்டினார். எண்பத்தேழில் முதல் ராணுவப் புரட்சி நடந்து பாதி ஊர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பியபோது, கிளம்பிய ஒருவரிடமிருந்து ஒரு பழைய பெட்ஃபோர்டு லாரியை வாங்கினார். என்ஜினை அவரே பிரித்தார், அவரே மாட்டினார். மூத்த மகள் ஷமிதாவை நர்ஸ் படிக்க வைத்து நியூசிலாந்துக்கு அனுப்பினார். இவ்வளவும் ஒரு மனிதன் இரண்டு கையால் செய்தது. அவர் வாயில் கொஞ்சம் பெருமை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

ஷமிதாவுக்குப் பிறகு பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் ஷீனல். இந்தக் கதை அவளால் வந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் ஜூலை மாதம், மறுபடியும் தலைநகர் சுவாவில் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள் என்று ரேடியோ அலறிக்கொண்டிருந்த நாட்களில், அப்பாசாமி டவுனிலிருந்து அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி மோகினியும் ஏழு வயது ஷீனலும் முன்சீட்டில் இருந்தார்கள். பதினாறு மைல் பாதை. பாதி வழியில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். கத்தி வைத்திருந்த சில இளைஞர்கள் வண்டியை நிறுத்தி, யாரும் இறங்கக் கூடாது என்றார்கள். மூன்று மணி நேரம். பிள்ளைக்கு முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அப்பாசாமி திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அடக்கிக்கோ. நீ யாரு மக? அப்பாசாமி மகளா இல்லையா?"

அவள் அடக்கினாள். வீட்டுக்கு வந்து லாரியை விட்டு இறங்கும்வரை அடக்கினாள். அன்றைக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "என் ரத்தம்" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னார் அப்பாசாமி.

அதற்குப் பிறகு அவள் எல்லா இடத்திலும் அடக்கினாள். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கட்டடத்துக்குப் பின்னால், கரும்பு வயல் ஓரமாக இருந்தது. பெண் பிள்ளைகள் பக்கத்தில் கதவு எப்போதோ விழுந்துவிட்டது, மாட்டுவார் இல்லை. பெரிய பையன்கள் அந்தப் பக்கமாகவே பந்தாடினார்கள். எனவே அவள் காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வருஷம் திரும்புவதற்குள் மத்தியானத்துக்கு மேல் அவளுடைய பாவாடை நனைய ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆனால் வாசனை வந்தது. டீச்சர் அவளைக் கதவோரம் தனி பெஞ்சில் உட்கார வைத்தாள். பிள்ளைகள் அவளுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதை ஷீனல் வீட்டில் சொல்லவில்லை.

மோகினி எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தாள். அப்பாசாமி தன் வைத்தியத்தைச் செய்தார். அதாவது, பள்ளிக்கூடம் போகும் நாளில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார். தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் எங்கே ஒழுகும் என்பது அவருடைய லாரி ஞானம். பிள்ளை உலர்ந்த உதட்டோடு போய், அப்படியும் நனைந்துதான் வந்தாள். முன்னைவிட வாசனை அதிகமாக இருந்தது.

"எட்டு வயசுக் கழுதைக்கு அடக்கத் தெரியல" என்று அவளைத் திட்டினார்.

அவர் வெளியில் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக அவருக்கே அடக்க முடியவில்லை. தாகமாகவே இருந்தது. குடித்தது எல்லாம் உடனே வெளியே வந்தது. ஆலை வரிசையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்க வேண்டியிருந்தது. டயரில் காற்றுப் பார்க்கிற மாதிரி இறங்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வருவார். அவருக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற தேவேந்திரா சின்ன வயசுக்காரன், கண் கூர்மையானவன்.

"என்ன அண்ணே, இன்னிக்கு மட்டும் நாலு வாட்டி காத்துப் பார்த்தாச்சு. டயரு பஞ்சரா, டிரைவரு பஞ்சரா?"

மரத்தடியில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாசாமி அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குடும்பத்தை நியூசிலாந்துக்கே அழைத்துக்கொள்ள ஷமிதா ஆக்லாந்திலிருந்து போட்ட விண்ணப்பம் நகர்ந்தது. ஊரில் பலருடைய நிலக் குத்தகை முடிந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. அப்பாசாமியின் குத்தகைக்கும் இரண்டு வருஷம்தான் பாக்கி. ஆகவே இந்த ஃபைல் அவருக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஃபைல். மூன்று பேரும் சுவாவில் போய் டாக்டரிடம் 'மெடிக்கல்' பண்ண வேண்டும். ஒருவர் தவறினாலும் மூவரும் தவறின மாதிரி.

அந்தக் காலத்தில் மெடிக்கல் என்றால் ஊரே ஆளுக்கொரு புத்தி சொல்லும். டாக்டர் கேட்டால் இருமலே வந்ததில்லை என்று சொல். முதல் நாள் உப்பைக் குறை. முதுகு வலி என்று மறந்தும் சொல்லாதே. ஒரு வியாதியும் இல்லாதவன்தான் கப்பல் ஏறலாம், வெள்ளைக்காரன் ஊரில் நோயாளிக்கு இடமில்லை. இதையெல்லாம் கேட்ட அப்பாசாமியின் மனசில் ஒன்றே ஒன்று உறைந்தது. பிள்ளை நனைப்பது தெரிந்தால் தீர்ந்தது கதை.

ஆகஸ்டு விடுமுறையில் கிளம்பினார்கள். பஸ்ஸில் நம்போவாலு, அங்கே கப்பல், மறுகரையில் இறங்கி மறுபடி பஸ். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே ஷீனலுக்குத் தண்ணீர் கூடாது என்று கட்டளை. கப்பலில் மோகினி அவருக்குத் தெரியாமல் இரண்டு மடக்கு கொடுத்தாள். அவ்வளவுதான்.

கிளினிக்கில் அதட்டாத குரலில் பேசுகிற ஒரு நர்ஸ் பேர் எழுதிய மூன்று சின்னக் குப்பிகளைக் கொடுத்தார். மோகினி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரேக்கு வரிசையில் நின்றாள். பிள்ளையை அப்பாசாமி கூட்டிக்கொண்டு போனார். ஷீனல் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது குப்பியின் அடியில் தேயிலைச் சாயம்போல நாலு சொட்டு இருந்தது. அதன் வாடையே சரியில்லை.

"இவ்வளவுதானா?"

பிள்ளை தலையை ஆட்டினாள். அவர் தமிழில் கேட்பார், அவள் ஃபிஜி இந்தியில் பதில் சொல்வாள். வீட்டில் எப்போதும் அப்படித்தான். இப்போது குப்பியை மட்டும் நீட்டினாள்.

அப்பாசாமி அந்தக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் எல்லாம் வரும். அவருக்கோ அந்த நேரத்தில் இரண்டு குப்பிக்கும் தாராளமாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளையின் குப்பியைக் கழுவினார். உள்ளே போய் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தார். ஷீனல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு டாக்டர் அம்மாவே வந்தார். ஃபிஜிக்காரப் பெண்மணி, தாட்டியான உடம்பு, நம் ஆட்களைவிட நன்றாக ஃபிஜி இந்தி பேசினார். மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பிள்ளையை மடியோரம் நிறுத்திக்கொண்டு, உனக்கு ரொம்பத் தாகமாக இருக்கிறதா, இளைத்துப் போனாயா, வாந்தி வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். ஷீனல் தாகமாக இருக்கிறது என்றாள். அது பொய்யில்லை.

டாக்டர் அம்மா பெற்றவர்களிடம் மெதுவாக விளக்கினார். பெரியவர்கள் குப்பியை இன்னும் பார்க்கவில்லை; பிள்ளையின் சிறுநீரில் சர்க்கரை அளவுக்கு மேலே இருக்கிறது. இந்த வயசில் இப்படி வந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டியிருக்கலாம். மோகினி நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அப்பாசாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் ஃபைல் போச்சு. பேசாமல் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம்தானே, அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும், ஏதோ இயந்திரக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நர்ஸ் ஊசியைப் பிரித்தார். ஷீனல் ஊசியையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். அதே நேரம் அவள் காலுக்குக் கீழே தரை நனைந்தது. நாலு சொட்டுத்தான் அவளிடம் இருந்தது என்று நினைத்திருந்தார்; எங்கேயோ மிச்சம் இருந்திருக்கிறது.

"ஊசி வேணாம் டாக்டர்" என்றார் அப்பாசாமி. "அது அவளுது இல்ல. ரெண்டும் என்னுது."

நர்ஸ் ஊசியோடு டாக்டர் அம்மாவைப் பார்த்தார். டாக்டர் அம்மா இரண்டு குப்பிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நிறம், ஒரே அளவு.

"அப்ப அந்த ஊசிய இவருக்குப் போடு" என்றார்.

அந்த ஊர்க் கணக்கில் அவருக்கு ரத்தச் சர்க்கரை பதினெட்டு இருந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டியது. டாக்டரையே பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்குச் சர்க்கரை வியாதி என்று அன்றைக்கு, அந்த மாதிரி, தெரியவந்தது.

டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாசாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அந்த அம்மா மேஜை மேலிருந்த படிவத்தை எடுத்து மோகினியிடம் நீட்டினார். பிள்ளை துணியில் நனைக்கிறாளா என்ற கேள்வி இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். மோகினி ஆறாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள் புருஷனிடம். "அப்படி ஒரு கேள்வியே இல்ல."

நனைக்கிற பிள்ளைகளை ஒருநாளைக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன் என்றார் டாக்டர் அம்மா. அதற்காக யாரையும் எந்த நாடும் தடுத்ததில்லை. பொய்க்குத்தான் தடுப்பார்கள். நீங்கள் செய்ததை எழுதி இந்த ஃபைலை இப்போதே மூடிவிட என்னால் முடியும்.

பிறகு அவர் ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு ஷீனலைக் கட்டிலில் படுக்க வைத்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கல்மாதிரி இருந்தது. வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். பிள்ளை விரலை எண்ணி ஐந்து காட்டினாள். மோகினிக்கே அது புதுச் செய்தி.

அப்புறம் அந்த அம்மா சொன்னதை அப்பாசாமி ஜென்மத்துக்கும் மறக்கவில்லை. பிள்ளை ஒழுகுவது அடக்கத் தெரியாமல் இல்லை, அடக்கி அடக்கித்தான். மணிக்கணக்காக இறுக்கிப் பிடித்தால் அந்தப் பை எப்போது நிறைந்தது, எப்போது காலி என்ற புத்தியே அதற்குப் போய்விடும். வெளிக்குப் போகாமல் கெட்டியாகி நிற்கிற மலம் பக்கத்திலிருந்து அதை நெருக்கும். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் எரியும், கிருமி பிடிக்கும், மலம் இன்னும் கெட்டியாகும். நீங்கள் செய்த வைத்தியம் எல்லாம் தலைகீழ்.

"யார் இந்தப் பிள்ளைய அடக்கச் சொன்னது?"

ஸ்கூலில் கதவு இல்லை என்று மோகினி ஆரம்பித்தாள். அப்பாசாமி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நான்தான் சொன்னேன். அடக்குனாத்தான் என் மகள்னு சொன்னேன்."

டாக்டர் அம்மா தலையை ஆட்டினார். கிருமிக்கு மருந்து, மலம் இளகுவதற்கு மருந்து, அப்பாசாமிக்கு மாத்திரை, எல்லாம் எழுதினார். ஃபைலை நான் அனுப்பவும் இல்லை, மூடவும் இல்லை என்றார். மூன்று மாதம் நான் சொல்வதைச் செய்யுங்கள். ஒரு காலண்டரில் நனையாத நாளையும் நனைந்த நாளையும் பிள்ளை கையாலேயே குறித்துக்கொண்டு வரட்டும். அதைப் பார்த்தபின் உங்களை நம்பலாமா என்று முடிவு பண்ணுகிறேன்.

ஊருக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பமானது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆறு டம்ளர் தண்ணீர், ஒரே மடக்காக இல்லாமல் பிரித்துப் பிரித்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், வந்தாலும் வராவிட்டாலும் கக்கூஸ். கால் அந்தரத்தில் தொங்காமல் கீழே பலகை வைத்து உட்கார வேண்டும். அவசரப்படக் கூடாது. முடிந்ததும் எழுந்து, இருபது எண்ணி, மறுபடி உட்கார்ந்து மிச்சம் இருந்தால் விட வேண்டும். காலையில் பப்பாளி, ராத்திரி கீரை. நனைந்தால் துணியை மாற்ற வேண்டும், வாயை மூடிக்கொண்டு. இதில் கடைசி விதிதான் அப்பாசாமிக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அவரே போனார். கதவுக்கு அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார் ஹெட்மாஸ்டர். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அப்பாசாமி அந்தச் சனிக்கிழமையே லாரியில் பலகை ஏற்றிக்கொண்டு வந்தார். பெண் பிள்ளைகள் பக்கம் மூன்று கதவு, உள்ளே மூன்று தாழ்ப்பாள், பந்தாடுகிற பக்கம் ஆள் உயரத்துக்குத் தகரம். ஒரு நாள் வேலை. அந்தக் கதவைப்போல் லம்பாசா வட்டாரத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லை, புயலுக்கும் அசையாது. பிறகு டீச்சரிடம் போனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என் மகள் எழுந்து போவாள், கை தூக்கிக் கேட்க மாட்டாள், தனி பெஞ்சையும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். பெஞ்சைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் சேர்த்துக்கொண்டது.

முதல் மாதம் காலண்டரில் சிவப்புத்தான் அதிகம். பத்தொன்பது நாள். ஷீனல் நனைந்த நாளுக்குச் சிவப்பு பென்சிலால் புள்ளி வைப்பாள், நனையாத நாளுக்கு மீன் வரைவாள். இரண்டாம் மாதம் பதினொன்று ஆனது. அதில் ஒரு நாள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும் வழியில் நிறுத்தச் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று அவர் நிறுத்தவில்லை. புதுப் பாவாடையோடு நனைந்துபோய் அவள் மண்டபத்துக்குள் வரமாட்டேன் என்று லாரியிலேயே உட்கார்ந்திருந்தாள். மோகினி அன்றைக்கு அவரிடம் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல.

அவருக்கும் வைத்தியம் நடந்தது. மாத்திரை, இனிப்பில்லாத டீ, சோற்றில் பாதி. ஆலை வரிசையில் இப்போது ஒளிக்காமல் இறங்கினார். தேவேந்திரா, "அண்ணே, காத்து?" என்பான். "காத்து இல்லடா, மூத்திரம்" என்பார்.

மூன்றாம் மாதம் நாலே புள்ளி. கடைசி வாரத்தில் மட்டும் இரண்டு. சுவாவுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்த இரண்டு புள்ளியும் அப்பாசாமியின் கண்ணை உறுத்தின. கடைசி வாரத்திலேயே சிவப்பு இருந்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்? மூன்று மாதம் வீணாகுமா? டவுனில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த இன்னொரு காலண்டர் அலமாரியில் சும்மா கிடந்தது. சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து வைத்து மீன் வரைய ஆரம்பித்தார். ஷீனல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மீன் வரைவது ஒன்றும் லேசான வேலை இல்லை. மூன்று மாதத்தையும் மீனாலேயே நிரப்பி முடித்தபோது மோகினி பின்னால் வந்து நின்றாள்.

"பேங்கு ஃபாரத்துல கையெழுத்துப் போட என்னைய கூப்புடுவீங்க. பொய் எழுத மட்டும் யாரும் கூட வேணாம் போல."

"பிள்ளைக்காகத்தானே செய்யறேன்."

"குப்பியும் பிள்ளைக்காகத்தான் ரொப்புனீங்க."

அவர் பென்சிலை வைத்துவிட்டார். ஆனால் அந்தக் காலண்டரைக் கிழிக்கவில்லை. சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். கப்பலில் இரண்டு சுருளும் ஒரே பையில் இருந்தன. அதில் எதை எடுப்பது என்று டாக்டர் அறை வாசல் வரைக்கும் அவருக்கே தெரியாது. அதுதான் உண்மை.

உள்ளே போனதும் அந்த அம்மா ஷீனலிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரிடம்தான் கையை நீட்டினார். அப்பாசாமி பையைத் திறந்தார். பிள்ளை பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் கையால் வரைந்த மீன்களுக்கு வால் ஒரு பக்கம் கோணலாக இருக்கும், அவர் வரைந்தவை எல்லாம் நேராக இருந்தன. கோணல் மீன் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"கடைசி வாரம் ரெண்டு நாள் நனைஞ்சது" என்றார், டாக்டர் அம்மா பார்ப்பதற்கு முன்பே. "ரெண்டாம் மாசம் ஒரு நாள் என் தப்பு, வண்டிய நிறுத்தல. மத்தபடி அவ எழுதுனதுதான்."

டாக்டர் அம்மா மூன்று தாள்களையும் புரட்டினார். பத்தொன்பது, பதினொன்று, நாலு என்று எண்ணினார். முதல் நாளிலிருந்தே மீனாக இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டேன் என்றார். இந்த வைத்தியம் இப்படித்தான் இறங்கும், அங்கே போய் இன்னும் ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள் என்றார். குப்பியை நர்ஸ் இந்தத் தடவை ஷீனலிடமே கொடுத்தார். கதவுக்கு வெளியே மோகினி நின்றாள். பிள்ளை வெளியே வந்தபோது குப்பி முக்கால் நிறைந்து, வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சர்க்கரை இல்லை, கிருமி இல்லை. அப்பாசாமியின் ரத்தச் சர்க்கரை ஒன்பதில் நின்றது. அதையும் அப்படியே எழுதி, அதற்குச் சாப்பிடும் மாத்திரையின் பேரையும் எழுதி, டாக்டர் அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஃபைல் போய்ச் சேர்ந்தது. அப்பாசாமியின் சர்க்கரைக்கு இன்னும் ஒரு காகிதம் கேட்டார்கள், கொடுத்தார். தடுக்கவில்லை. பிப்ரவரியில் விசா வந்தது.

லாரியைத் தேவேந்திராவே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தான். என்ஜினைத் திறந்து பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். எல்லாம் முடிந்து கை கொடுத்த பிறகும் போகாமல் வேலியில் சாய்ந்து நின்றான். அந்தப் பள்ளிக்கூடக் கதவு அண்ணன் போட்டதா என்று கேட்டான். ஆமாம் என்றார் அப்பாசாமி. மரம் எது, தாழ்ப்பாள் எங்கே வாங்கியது, தகரம் எத்தனை கேஜ் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். தன் மகளுக்கு என்ன இருந்தது, அதை எப்படித் தீர்த்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தீர்த்தது தான்தான் என்கிற மாதிரிதான் சொன்னார், டாக்டர் அம்மா நடுவில் ஓரிடத்தில் வந்தார். தேவேந்திரா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என் பெரியவன் விநீல் இருக்கான்ல அண்ணே" என்றான் கடைசியில். "ஒம்போது வயசு. அவனுக்கும் பகல்ல... வீட்ல அடிச்சுப் பார்த்துட்டோம்."

மரத்தடியில் எத்தனை முறை இவன் வாயில் விழுந்திருக்கிறார் என்பது அப்பாசாமிக்கு நினைவு இல்லாமல் இல்லை. பதிலுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு வேலிக் கம்பியை விட்டு நகர்ந்து நின்றார்.

"அடிய நிறுத்து முதல்ல" என்றார். "பையனைக் கூட்டிக்கிட்டு வா. நாளைக்கு வேணாம், இப்பவே வா. மோகினி டீ போடுவா. வெளிக்கு ஒழுங்காப் போறானான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. நானும் கேக்கலடா."